பிழைக்கு ஒரு சிவப்பு அம்பு

அத்தியாயம் ஒன்பது: எறும்பு சொன்ன சாட்சி

'உயரமான ஆள் என்று சொல்லிவிடலாமா? நான் குட்டை, என்மேல் சந்தேகம் வராது. ஆனால் ஆம்பூரில் உயரமாகப் பிறந்தவர்கள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? பஞ்சாட்சரண்ணன் நாளைக் காலையிலேயே அளவு டேப்போடு கிளம்பிவிடுவார். இடது கைக்காரர்? அதுவும் பாவம். வெளியூர் ஆள் என்றால்? ஆமாம், வெளியூர் ஆள் நல்ல யோசனை. எந்த வெளியூர் என்று கேட்பார். அமிர்தி என்று சொல்லலாம். காட்டுக்குள் போய் யார் தேடப் போகிறார்கள்.'

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மோகனா இப்படி ஒரு குற்றவாளியை மனதுக்குள் தயாரித்துக்கொண்டிருந்தாள். வேறு வழி இல்லை. எட்டு நாளாக அவள் தேடிக்கொண்டிருக்கும் ஆள் அவளேதான்.

வழக்கைக் கொடுத்தவள் பூர்ணிமா. வேலூரில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறாள். மிச்ச நேரமெல்லாம் 'ஆழாக்கு' என்ற இணையதளத்தைத் தனியாளாக நடத்துகிறாள். உலகத்தில் எங்கெங்கோ நடக்கும் ஆராய்ச்சிகளைப் படித்து, யாருக்கும் புரிகிற தமிழில் வாரம் ஒன்று எழுதிப் போடுவாள். பின்னால் எந்த நிறுவனமும் கிடையாது, பக்கத்தில் விளம்பரமும் கிடையாது. தளத்தைத் திறக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் கட்டுரையை அச்செடுத்து, ஆம்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மஹபூப் பாஷா டீக்கடையில் துணி கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள்.

ஏழு வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அந்தத் தாளில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. 'யானைகள் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் தூங்குகின்றன' என்ற வரியை அது காட்டியது. பூர்ணிமா மூல ஆராய்ச்சியை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அந்த ஆராய்ச்சியில் மொத்தமே இரண்டு யானைகள்தான் இருந்தன.

அடுத்த திங்கள் இன்னொரு அம்பு. அதற்கடுத்த திங்கள் இன்னொன்று. ஒவ்வொன்றும் சரியான இடத்தில். ஒவ்வொரு முறையும் பூர்ணிமா தளத்தில் திருத்தம் போட்டாள். இப்போது டீக்கடைக்கு வருகிறவர்கள் கட்டுரையைப் படிப்பதில்லை. "இன்னா பாய், இன்னிக்கு அம்பு எங்க?" என்று கேட்டு, அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

"ஒட்டறது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம்" என்று பூர்ணிமா போன வாரம் சனிக்கிழமை மோகனாவின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து கேட்டாள். மோகனா மறுத்திருக்கலாம். ஆனால் இந்தப் பெண் வேறு துப்பறியும் நிலையத்துக்குப் போய்விட்டால் என்ன ஆவது என்று பதறி ஒப்புக்கொண்டாள். ஆம்பூரில் வேறு துப்பறியும் நிலையமே இல்லை என்பது பூர்ணிமா படியிறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றுகூடக் கேட்காமல் ஒப்பந்தத் தாளில் கடகடவென்று போட்டுவிட்டுப் போயிருந்தாள் அந்தப் பெண்.

தான் ஏன் அம்பு ஒட்டுகிறோம் என்று மோகனா தன்னைப் பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. ஷூ ஃபேக்டரியில் பதினாறு வருஷம் ஃபைனல் செக்கிங் மேஜையில் நின்றவள். தோலில் கீறல் இருந்தால், தையல் தாண்டியிருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு. பழுது பார்க்கிறவர் அதைப் பார்த்துச் சரிசெய்து அம்பை உரித்துவிடுவார். அவ்வளவுதான் வேலை. திட்ட வேண்டாம், விளக்க வேண்டாம், பெயர் போட வேண்டாம். ஒரு நாள் முதலாளி சுற்றிப் பார்க்க வந்தபோது, அவர் காலில் போட்டிருந்த ஷூவின் நுனியில் தையல் விட்டிருந்தது. மோகனாவின் கை யோசிக்கவில்லை. குனிந்து ஒட்டிவிட்டாள். மறுநாள் அந்த மேஜை அவளுடையதாக இல்லை. கைப்பையில் ஒரு ரோல் அம்பு மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகுதான் துப்பறியும் நிலையம். அங்கே வருகிற வழக்கெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்குக் கோபம் வருமா என்பதுதான். உலகத்தில் பிழை ஏராளமாக இருந்தது. ஒட்டத்தான் இடம் இல்லை. பூர்ணிமாவின் கட்டுரைகள் வந்தபோது, அடியில் அவள் கொடுத்திருந்த மூல ஆராய்ச்சியின் முகவரியைத் திறந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அகராதியை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு மேஜை கிடைத்ததுபோல இருந்தது.

இது வெளியே தெரிந்தால் மேஜையும் போகும், நிலையமும் போகும். தன்னையே எட்டு நாள் தேடிய துப்பறிவாளரிடம் யார் மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல்வார்கள்?

"ம்மா, தூங்கிட்டியா?"

பஞ்சாட்சரம் எதிரே வந்து உட்கார்ந்தார். மோகனாவின் ஒரே உதவியாளர். முப்பது வருஷம் வேலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய தோல் பையை இன்னும் தோளில் மாட்டியிருந்தார். அதற்குள்ளிருந்து ஏழு தாள்களை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். பூர்ணிமா பத்திரப்படுத்தி வைத்திருந்த, அம்பு ஒட்டிய தாள்கள்.

"யோசிச்சிட்டு இருந்தேண்ணா. இது வெளியூர் ஆளா இருக்கும்னு தோணுது."

"எந்த ஊரு?"

"அமிர்தி."

"அமிர்தி ஜூவுல இருந்து எதுனா தப்பிச்சு வந்துச்சா?"

மஹபூப் பாஷா இரண்டு டீயோடு வந்தார். மோகனாவுக்கு எப்போதும்போல சர்க்கரை இல்லாமல். "பஞ்சு பாய், வடை சூடா இருக்கு. ரெண்டு வைக்கட்டா?"

"வேணாம் தோஸ்த். வடைய மோந்து பாத்தாலே எனக்கு நெஞ்சு எரியும்." பஞ்சாட்சரம் ஒரு தாளை அவர் பக்கம் திருப்பினார். "இந்த அம்ப பாரு. இன்னா தெரியுது?"

பாஷா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஷூ ஃபேக்டரி ஸ்டிக்கர்."

"அது தெரியும். ஆம்பூர்ல ஃபேக்டரி ஆளுன்னு சொன்னா கடல்ல மீனுன்னு சொன்ன மாதிரி. வேற?"

"அம்போட மூக்கு எழுத்த தொடல. ஒரு அரிசி அளவு இடம் விட்டிருக்கு." பாஷா தலையாட்டினார். "என் தங்கச்சி பன்னெண்டு வருசம் ஃபேக்டரில இருந்தா. கண்டவங்க ஒட்டினா கீறல் மேலயே ஒட்டிருவாங்களாம், அப்புறம் கீறல் எங்கன்னு யாருக்கும் தெரியாது. ஃபைனல் டேபிள்காரங்க மட்டும்தான் ஒரு அரிசி இடம் விடுவாங்கன்னு சொல்லுவா."

மோகனா டீயை ஊதினாள். டீ ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

"ஃபைனல் டேபிள்" என்றார் பஞ்சாட்சரம், பாதி டிக்கெட்டைக் கிழித்துவிட்ட திருப்தியில். "அடுத்த ஸ்டாப். ம்மா, ஒரு பேனா குடு, எழுதிக்கறேன்."

அவர் கை மோகனாவின் கைப்பையை நோக்கி நீண்டது. அதற்குள் பேனாவுக்குப் பக்கத்தில்தான் ரோல் இருந்தது.

"பேனா இல்லண்ணா" என்று பையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"துப்பறியற ஆபீசுல பேனா இல்ல. கண்டக்டர் பையில டிக்கெட் இல்லன்னா ஜனங்க வுடுவாங்களா?" அவர் தன் காதோரத்திலிருந்தே ஒரு பென்சிலை எடுத்தார். "சரி. இப்ப கறை. எல்லாத் தாள்லயும் அம்புக்குக் கீழ ஒரு சொட்டு டீ. ஒரு கையில கிளாஸ், ஒரு கையில அம்பு. அதான் சிந்தியிருக்கு. இப்ப இன்னொரு தாள் பாரு."

பைக்குள்ளிருந்து எட்டாவது தாளை எடுத்தார். அம்புகள் வருவதற்கு முந்தைய காலத்துத் தாள். யாரோ படித்துக்கொண்டே சிந்திய டீக்கறை அதிலும் இருந்தது. அதையும் அம்புத்தாள் ஒன்றையும் கடையின் ஓரத்தில், பாஷா வருஷக்கணக்கில் விரட்டியும் போகாத எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எதுக்கு ரெண்டு?" என்றார் பாஷா.

"ஒண்ண மட்டும் வச்சா இன்னா தெரியும்? இன்னிக்கு எறும்புக்கே பசி இல்லன்னு வச்சிக்கோ. ரெண்டையும் வச்சாதான் வித்தியாசம் தெரியும்."

மூவரும் குனிந்து உட்கார்ந்து எறும்புகளைப் பார்த்தார்கள். ஏலகிரி எக்ஸ்பிரஸ் எதிரே வந்து நின்று, கூட்டத்தை இறக்கிவிட்டுப் போனது. பழைய தாளின் கறையைச் சுற்றி எறும்புகள் மொய்த்தன. அம்புத்தாளின் கறையை ஒரே ஒரு எறும்பு எட்டிப் பார்த்தது. அதுவும் அவமானப்பட்டதுபோலத் திரும்பிப் போய்விட்டது.

"சர்க்கரை இல்லாத டீ" என்றார் பஞ்சாட்சரம். "பாய், உன் கடையில சர்க்கரை இல்லாம குடிக்கறது யாரு யாரு?"

"மூணு பேருதான். ஆரோக்கியசாமி வாத்தியார். போஸ்ட் ஆபீஸ் அன்பரசன். அப்புறம்..." பாஷா மோகனாவைப் பார்த்துப் புன்னகைத்தார். "நம்ம மோகனாம்மா."

பெஞ்சில் ஓர் ஆணி இருப்பதை மோகனா அப்போதுதான் உணர்ந்தாள். பஞ்சாட்சரம் பென்சிலைக் கடித்தார்.

"வாத்தியாருக்குக் கண்ணு ஆபரேசன் ஆகி ரெண்டு மாசம். அன்பரசன் ஆறு வாரமா ராணிப்பேட்டைக்கு மாத்தலாகிப் போய்ட்டான்." நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்தில் மோகனா தன் வாழ்க்கையை ஃபேக்டரி கேட்டிலிருந்து இன்றைய பெஞ்ச்வரை ஒருமுறை நடந்து முடித்தாள்.

"அப்ப ஒரே முடிவுதான்" என்றார் அவர். "சர்க்கரை இல்லாம குடிக்கற நாலாவது ஆள் ஒருத்தன் இருக்கான். பாய் மறைக்கிறாரு."

"நானா?" என்றார் பாஷா.

"நீயேதான் அந்த ஆளுன்னு எனக்கு டவுட்டு. கடைக்காரன் டீய யாரு எண்ணறது?"

"எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்யா."

"அதான் அவ்ளோ நிதானமா அரிசி இடம் வுட்டு ஒட்டியிருக்க."

மோகனாவுக்கு மூச்சு திரும்பி வந்தது. கூடவே சின்னதாக ஒரு வருத்தமும். எறும்புவரை கண்டுபிடித்த மனிதருக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தெரியவில்லை. போன திங்கட்கிழமைகூடத் தாளுக்குக் காவலாக இதே இடத்தில்தான் நின்றார். வடை எப்படி இருக்கிறது என்று பார்க்க அடுப்புப் பக்கம் திரும்பிய நேரத்தில் அவள் ஒட்டி முடித்துவிட்டாள். கையை அடக்க முடியவில்லை.

அவளுடைய போன் அடித்தது. பூர்ணிமா.

"மேடம், உடனே வீட்டுக்கு வர முடியுமா? நாளைக்குத் திங்கக்கிழமை. அதுக்குள்ள இத முடிச்சிடணும்."

*

பூர்ணிமாவின் மாடி அறையில் ஒரு மடிக்கணினி, ஒரு அச்சு இயந்திரம், கூரை தொடும் அளவு தாள்கள். 'ஆழாக்கு' முழுவதும் அந்த அறைக்குள் அடங்கியிருந்தது. மேஜைமேல் ஒரு தட்டில் ஆற்காடு மக்கன் பேடா இருந்தது. பஞ்சாட்சரம் விசாரணையை அங்கிருந்து தொடங்கினார்.

"கண்டுபிடிச்சாச்சும்மா" என்றார் வாயில் பேடாவோடு. "மஹபூப் பாஷா."

"அப்படியா?" பூர்ணிமா மோகனாவைப் பார்த்தாள். "உங்களுக்கும் அதானா மேடம் முடிவு?"

ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். மோகனா வாயைத் திறந்தாள். அது தவறான தகவல். தவறான தகவலைத் தன் வாயால் சொல்லி, எழுந்து போய், நாளைக்கு இன்னொருவருடைய தவறுக்கு அம்பு ஒட்டுவது எப்படி?

"இல்ல" என்றாள். "பாஷா இல்ல."

"பின்ன?"

பூர்ணிமா இழுப்பறையைத் திறந்து, ஒரு தாளை எடுத்து நடுவில் வைத்தாள். போன வாரம் சனிக்கிழமை கையெழுத்தான ஒப்பந்தம். கையெழுத்துக்குப் பக்கத்தில், இங்கே போடுங்கள் என்று காட்டியபடி ஒரு சின்னச் சிவப்பு அம்பு. மூக்குக்கும் கோட்டுக்கும் நடுவில் ஓர் அரிசி இடம்.

மோகனா அந்த அம்பை வெகுநேரம் பார்த்தாள். அதை ஒட்டியது அவளுக்கு ஞாபகமே இல்லை. மூச்சு விட்டதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்க்கா. கண்டுபிடிப்பீங்களான்னு பார்க்கல. சொல்லுவீங்களான்னுதான் எட்டு நாள் காத்திருந்தேன்."

மோகனா மெதுவாகப் பஞ்சாட்சரத்தின் பக்கம் திரும்பினாள். அவர் இரண்டாவது பேடாவை எடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை.

"அண்ணா..."

"போன திங்கக்கிழமை வடை பாக்கத் திரும்பினேனே" என்றார். "எனக்கு வடை ஆவாதுன்னு உனக்குத் தெரியாதாம்மா? நீ ஒட்டறதுக்குத்தான் திரும்பினேன். டிரைவரயே எறக்கி வுட்டுட்டு கண்டக்டர் விசிலடிச்சா வண்டி எங்க போவும்?"

"அப்ப பாஷாவ ஏன் மாட்டி விட்டீங்க?"

"பாய் தாங்குவாரு. மூணு நாளைக்கு எனக்கு டீ தர மாட்டாரு. அவ்ளோதான்."

பூர்ணிமா சிரிக்கவில்லை. கணினிக்குப் பக்கத்தில் இருந்த புதிய தாளை எடுத்தாள். கூடவே ஓர் அட்டையும். அதில் சின்னச் சின்னப் பச்சை வட்டங்கள். ஃபேக்டரியில் தேறிய ஜோடியின் அடியில் ஒட்டுவது.

"இத எங்க வாங்கினே?"

"பஜார்ல கிடைக்குது. அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? நாலு வருஷமா எழுதறேன். ஏழு வாரமா என் கட்டுரைய யாரும் படிக்கல, உங்க அம்பத்தான் படிக்கறாங்க. நான் தப்பா எழுதறவள்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. காலேஜ்ல பசங்க என்னப் பாத்தா விரலால அம்பு காட்டறாங்க." குரல் கொஞ்சம் இறங்கியது. "இந்த வாரம் நம்ம ஊரப் பத்தின ஆராய்ச்சி. பிரியாணிக் கடை இஷ்தியாக் அகமது பாய் அவரோட எல்லாக் கடையிலயும் இத மாட்டறேன்னு சொல்லியிருக்காரு. அத்தன பேர் ஒண்ணா என் எழுத்தப் படிச்சதே இல்ல. இதுக்கும் அம்பு வந்துச்சுன்னா நான் தளத்த மூடிடுவேன். இந்த ஒரு தடவ, அம்பு வேணாம். பச்ச ஒட்டிக் குடுங்க. நீங்க யாருன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஒட்டலன்னா?"

"திங்கக்கிழமை கட்டுரைக்கு வேற தலைப்பு இருக்கு. தன்னையே தேடின துப்பறிவாளர்." பூர்ணிமா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். மிரட்டிப் பழக்கம் இல்லாதவள் என்பது தெரிந்தது.

மோகனா தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். 'பிரியாணியோடு கத்திரிக்காய்த் தொக்கு சேர்த்துச் சாப்பிட்டால் வயிறு மந்தமாவதில்லை: ஆராய்ச்சியில் நிரூபணம்.' நன்றாக எழுதியிருந்தாள். பெரிய பிரியாணிப் பாத்திரத்தைத் திறக்கும் சத்தம்கூட வரிகளில் கேட்டது. படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருந்தது. இவள் எழுதுவதை நிறுத்திவிட்டால் தன் மத்தியானங்கள் எப்படிப் போகும் என்று ஒரு கணம் பயமாகவும் இருந்தது.

"எத்தன பேர் சாப்பிட்டாங்க?"

"பத்தொன்பது பேர்."

"பத்தொன்பது பேரும் கத்திரிக்காயோடயா?"

"ஆமா."

"கத்திரிக்கா இல்லாம சாப்பிட்டவங்க?"

பூர்ணிமா தாளை எட்டிப் பார்த்தாள். "ஆளு தேடினாங்களாம். யாரும் ஒத்துக்கலையாம்."

"எப்படி ஒத்துப்பான்?" என்றார் பஞ்சாட்சரம். "ஆம்பூர்க்காரன்கிட்டப் போய் கத்திரிக்கா இல்லாம பிரியாணி துன்னுன்னா, ஆராய்ச்சி பண்றவன இல்ல துன்னுடுவான்."

"எறும்புக்கு ரெண்டு தாள் வச்சீங்களேண்ணா" என்றாள் மோகனா.

பூர்ணிமாவின் காது சிவந்தது. அவளும் ஆம்பூர்க்காரிதான். கத்திரிக்காய் இல்லாத ஒரு பிரியாணித் தட்டு உலகத்தில் இருக்க முடியும் என்று எழுதும்போது அவளுக்கும் தோன்றியிருக்கவில்லை.

"சரி, இப்பத் தெரியுது" என்றாள் மெல்ல. "தெரிஞ்சேதான் கேக்கறேன். ஒரே ஒரு தடவ."

மோகனா பச்சை அட்டையைக் கையில் எடுத்தாள். பதினாறு வருஷத்தில் எத்தனை பச்சை ஒட்டியிருப்பாள். அதுதான் சுலபம், எல்லோருக்கும் சிரித்த முகம், லாரி நேரத்துக்குக் கிளம்பும். அட்டையின் வளைந்திருந்த மூலையை நீவிச் சரிசெய்து, பூர்ணிமாவின் கைக்குப் பக்கத்திலேயே திருப்பி வைத்தாள்.

பிறகு கைப்பையைத் திறந்து ரோலை எடுத்தாள். முதல்முறையாக, இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஓர் அம்பை உரித்தாள். 'நிரூபணம்' என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் அரிசி இடம் விட்டு ஒட்டினாள்.

"என்னப் பத்தின கட்டுரையா இருந்தாலும் காலையில குடும்மா" என்றாள். "நானே கொண்டுபோய் மாட்டறேன்."